ஆண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோய்: தடவிப் பார்ப்பது முதல் ஊசிப் பரிசோதனை வரை

மருந்தக (கிளினிக்) முகப்பில் ஓர் ஆண் போய் "நெஞ்சுல ஏதோ மாதிரி இருக்கு" என்றால் முதலில் இசிஜி எடுக்கத்தான் கூப்பிடுவார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. 55 வயதுக்காரர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினால் யாருக்கும் இதயம்தான் நினைவுக்கு வரும். இசிஜி நன்றாக இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்கள். சட்டைக்குள் இருந்த கட்டி சட்டைக்குள்ளேயே வீடு திரும்பும்.

அதனால் மற்றதையெல்லாம் சொல்வதற்கு முன் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "மார்புக் காம்புக்குப் பின்னால் ஒரு கட்டி தட்டுப்படுகிறது, இத்தனை வாரமாக இருக்கிறது." தமிழில் சொல்லக் கூச்சமாக இருந்தால் "நிப்பிளுக்குக் கீழே லம்ப்" என்றாவது சொல்லுங்கள். 'நெஞ்சு', 'மார்பு வலி' என்ற சொற்களை மட்டும் அங்கே எடுக்காதீர்கள்.

ஆண்களுக்கும் காம்புக்குப் பின்னால் கொஞ்சம் மார்பகத் திசு உண்டு. பருவ வயதில் பெண்களுக்கு அது வளர்கிறது, ஆண்களுக்கு வளராமல் நின்றுவிடுகிறது. ஆனால் பால்நாளங்கள் இருக்கின்றன. நாளம் இருக்கும் இடத்தில் புற்றும் வரலாம். மார்பகப் புற்றுநோயாளிகள் நூறு பேரில் ஏறக்குறைய ஒருவர் ஆண். பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது, இளைஞர்களுக்கு வரவே வராது என்றில்லை.

இவ்வளவு அரிதான நோய்க்காக எல்லா ஆண்களையும் வரச்சொல்லி மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுப்பதில் பயனில்லை. சிங்கப்பூரில் 50 வயதான பெண்களுக்கு ஈராண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் எடுத்துக்கொள்ள அழைப்பு வருகிறது. ஆண்களுக்கு அப்படி எந்த அழைப்பும் வராது, வரவும் வேண்டியதில்லை. ஆக, கண்டுபிடிக்கும் வேலை உங்கள் கைக்கும் உங்கள் வாய்க்கும் உரியது. கை வேலையைப் பெரும்பாலோர் சரியாகத்தான் செய்கிறார்கள். திசு குறைவு என்பதால் பட்டாணி அளவுக் கட்டியும் குளிக்கும்போதே தட்டுப்பட்டுவிடும். வாயைத் திறக்கத்தான் மாதக்கணக்கில் ஆகிறது. அதே குறைந்த திசுதான் இங்கே பகையாகவும் மாறுகிறது: கட்டிக்கும் தோலுக்கும், கட்டிக்கும் நெஞ்சுத் தசைக்கும் நடுவே அதிக இடமில்லை. அது சீக்கிரமே இரண்டையும் எட்டிப் பிடித்துவிடும்.

யார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்

வயது, குடும்ப வரலாறு, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோனின் பங்கு உடலில் கூடும் நிலைமைகள் ஆகிய மூன்றும்தான் முக்கியம். கல்லீரல் சுருக்க நோய், அதிக உடல் எடை, விதைப்பை சார்ந்த கோளாறுகள் (இறங்காத விதை, பொன்னுக்கு வீங்கி வந்தபோது விதை வீங்கியது), ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாகப் பிறக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை ஆகியவை மூன்றாவது வகையில் சேரும். முன்பு வேறொரு புற்றுநோய்க்காக நெஞ்சில் கதிர்வீச்சு வாங்கியவர்களையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இவற்றில் அதிகம் புறக்கணிக்கப்படுவது குடும்ப வரலாறு. பிஆர்சிஏ2 என்ற மரபணுவில் பிழை உள்ள ஆண்கள் நூறு பேரில் வாழ்நாளில் 4 முதல் 7 பேருக்கு மார்பகப் புற்று வரலாம். பொதுவான ஆண்களுக்கு இது ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில் இருக்கிறது. பிஆர்சிஏ1 பிழையில் ஆபத்து அதைவிடக் குறைவு, ஏறக்குறைய நூற்றில் ஒருவர். இந்தப் பிழை அப்பா வழியிலும் வரும். நம் வீடுகளில் "அம்மாவுக்கு இல்லையே" என்று சொல்லி விட்டுவிடுகிறோம், அத்தையை யாரும் கேட்பதில்லை.

ஒரு தாளை எடுத்து மூன்று தலைமுறையை எழுதுங்கள். இரண்டு பக்கமும் எழுதுங்கள்: அத்தை, பெரியப்பா, சித்தப்பா, அப்பாவின் அம்மா, சித்தி, பெரியம்மா, தாய்மாமன், அம்மாவின் அம்மா. மார்பகம், சூலகம், புரோஸ்டேட், கணையம் இந்த நான்கில் யாருக்காவது புற்று வந்ததா, எத்தனை வயதில் என்று குறியுங்கள். ஊரில் உள்ளவர்கள் "வயித்துல கட்டி", "கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க" என்றுதான் சொல்வார்கள். அதோடு விடாமல், எந்த மருத்துவமனை, கீமோ போட்டார்களா, முடி கொட்டியதா என்று கேட்டால் உண்மை ஓரளவு பிடிபடும். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்த குடும்பமானால் அதையும் தாளில் குறியுங்கள். ஒரே பிழை இரண்டு பக்கத்திலிருந்தும் வந்திருக்கலாம் என்பதால் மரபணு ஆலோசகருக்கு அது தேவைப்படும்.

தடவிப் பார்க்கும் முறை

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்: மாதந்தோறும் சுய பரிசோதனை செய்வது ஆண்களின் உயிரைக் காக்கிறது என்று ஆய்வில் நிரூபணமாகவில்லை. உங்கள் மார்பு சாதாரணமாக எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிந்திருந்தால், மாறும்போது உடனே தெரியும். அவ்வளவுதான் இதன் நோக்கம். பிஆர்சிஏ பிழை உள்ள ஆண்களுக்கு மட்டும் 35 வயதிலிருந்து சுய பரிசோதனையும், ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவர் கையால் பரிசோதிப்பதும் பரிந்துரைக்கப்படுகின்றன.

மாதம் ஒருமுறை போதும். பெண்களைப்போல மாதவிடாய்க் கணக்கு இல்லாததால் எந்த நாளும் சரி. சம்பள நாளை வைத்துக்கொண்டால் மறக்காது. தினமும் அழுத்திப் பார்ப்பவர்களுக்கு அந்த இடம் புண்ணாகி வலிக்கும், அந்த வலியே புதிய பயத்தைக் கிளப்பும். சிறுகச் சிறுக நடக்கும் மாற்றமும் அன்றாடம் பார்க்கும் கைக்குத் தெரியாமல் போகும்.

முதலில் கண்ணாடி. மேலாடையைக் கழற்றிவிட்டு, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுமாறு நில்லுங்கள். நேர் வெளிச்சத்தில் சிறு குழி தெரியாது. கைகளைத் தொங்கவிட்டு ஒருமுறை, தலைக்கு மேல் தூக்கி ஒருமுறை, பிறகு இரண்டு கையையும் இடுப்பில் வைத்து உள்பக்கமாக நன்றாக அழுத்தி ஒருமுறை பாருங்கள். மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இடுப்பை அழுத்தும்போது நெஞ்சுத் தசை இறுகும். தசையோடோ தோலோடோ ஒட்டிய கட்டி இருந்தால் அந்த நொடியில் தோல் உள்ளே இழுபட்டுக் குழி விழும். காம்பு எப்போதும் உள்வாங்கியே இருந்தால் கவலையில்லை, புதிதாக உள்வாங்கினால் கவனிக்க வேண்டும். காம்பின் மேல் பொருக்கு, ஆறாத புண், படை மாதிரி செதில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு பக்கமும் வந்தால் பெரும்பாலும் எக்ஸீமா. ஒரு பக்கக் காம்பில் மட்டும் வந்து, இரண்டு மூன்று வாரம் களிம்பு தடவியும் ஆறவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

அடுத்து குளியல். வெந்நீரில் தோல் தளர்ந்திருக்கும். சோப்பு நுரை இருந்தால் நெஞ்சில் முடி அடர்ந்தவர்களுக்கும் விரல் வழுக்கிப் போகும், முடியைச் சிரைக்க வேண்டிய அவசியமில்லை. வலப்பக்கத்துக்கு இடக்கை, இடப்பக்கத்துக்கு வலக்கை. ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களைச் சேர்த்து, நுனியால் அல்ல, விரலின் சதைப்பற்றான பகுதியால் தொடுங்கள். நுனியால் குத்தினால் விலா எலும்பின் மேடுகூடக் கட்டியாகத் தோன்றும். 10 காசு நாணய அளவுக்குச் சின்ன வட்டமாகச் சுழற்றுங்கள். ஒவ்வோர் இடத்திலும் மூன்று அழுத்தம்: தோல் அசையும் அளவு, நடுத்தரம், கடைசியாக விலா எலும்பு தட்டுப்படும் வரை. விரலை எடுக்காமல் அடுத்த இடத்துக்கு நகருங்கள்.

அக்குளின் நடுவிலிருந்து நெஞ்செலும்பின் நடு வரை அகலம், கழுத்தெலும்பிலிருந்து மார்பு முடியும் விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை நீளம். புல்வெட்டுவதுபோல மேலும் கீழுமாக வரிசை வரிசையாகப் போனால் எந்த இடமும் விடுபடாது. காம்பைச் சுற்றியும் அதன் பின்னாலும் கூடுதல் நேரம் எடுங்கள். ஆண்களின் கட்டி பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. உடல் பருமனானவர்கள் இதைப் படுத்துக்கொண்டு செய்வது நல்லது: பார்க்கும் பக்கத்துத் தோளுக்கடியில் சிறு தலையணை, அந்தக் கை தலைக்குப் பின்னால். மார்பு தட்டையாகப் பரவி, அடியில் உள்ளது கைக்கு வரும்.

காம்பைப் பிழிய வேண்டாம். தொடர்ந்து பிழிந்தால் ஒன்றுமில்லாதவருக்கும் நீர் வரலாம். தானாக வருகிறதா என்று உள்சட்டையைப் பார்த்தாலே போதும். பாடகி பியான்ஸேயின் தந்தை மேத்யூ நோல்ஸ் தமக்கு மார்பகப் புற்று என்று 2019இல் வெளியே சொன்னபோது, முதல் அறிகுறியாகக் குறிப்பிட்டது வெள்ளைச் சட்டையில் திரும்பத் திரும்ப விழுந்த சிறு ரத்தப் புள்ளியைத்தான். அவருக்கும் பிஆர்சிஏ2 பிழை இருந்தது. வீட்டில் துணி துவைப்பவர் வேறொருவரென்றால் அவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

கடைசியாக அக்குள். கையை மேலே தூக்கிக்கொண்டு அக்குளைத் தடவினால் தசைப்படலம் இறுகி ஒன்றும் கைக்கு வராது. முழங்கையை மேசைமேல் தளர்வாக வைத்துக்கொண்டு, மறுகை விரல்களை அக்குளின் உச்சிவரை செலுத்தி, விலாவோடு சேர்த்து அழுத்தி மெதுவாகக் கீழே இழுங்கள். கழுத்தெலும்புக்கு மேலே உள்ள பள்ளத்தையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். மொத்தமும் ஐந்து நிமிடம்.

கையில் பட்டது என்ன

ஆண்களின் மார்பு வீக்கத்தில் பெரும்பாலானது புற்றே அல்ல, கைனகோமாஸ்டியா எனப்படும் திசு வளர்ச்சி. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்பின் இருபுறமும் அகலமாக வைத்து மெல்லக் காம்பை நோக்கிக் கூட்டுங்கள். காம்புக்கு நேர் கீழே வட்டத் தட்டுபோல, ரப்பர் மாதிரி ஏதோ விரல்களைத் தடுத்தால் அது கைனகோமாஸ்டியாவாக இருக்கலாம். பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும், தொட்டால் வலிக்கும். காம்பு வரை எதுவுமே தடுக்கவில்லையென்றால் வெறும் கொழுப்பு.

புற்று வேறு மாதிரி. ஒரு பக்கம் மட்டும் இருக்கும், கல் மாதிரி கடினமாக இருக்கும், ஓரம் ஒழுங்காக இருக்காது, காம்புக்கு நேர் நடுவில் இல்லாமல் சற்று ஒதுங்கியிருக்கும், தள்ளினால் எளிதில் நகராது. பெரும்பாலும் வலிக்காது. இதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள்: வலி இல்லை, ஆகவே ஒன்றுமில்லை என்று. மார்பில் வலிக்கிற கட்டியைவிட வலிக்காத கட்டிக்குத்தான் சீக்கிரம் ஓட வேண்டும்.

இந்த வேறுபாடுகளை வைத்துக்கொண்டு நீங்களே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். பருவ வயதுப் பையன்களுக்குக் காம்பின் கீழ் வரும் வலிக்கும் வீக்கம் மிகச் சாதாரணம், பெரும்பாலும் ஈராண்டுக்குள் தானே வடியும். தேசிய சேவைக்குப் போகும் வயதிலும் வடியவில்லை என்றால் ஒருமுறை காட்டுவதில் நஷ்டமில்லை. நடுவயதில் வந்தால் மாத்திரைப் பெட்டியைப் பாருங்கள். ரத்தக் கொதிப்புக்கும் உடலில் நீர் கோப்பதற்கும் தரும் ஸ்பைரோனோலாக்டோன், முடி கொட்டுவதற்கும் புரோஸ்டேட்டுக்கும் தரும் ஃபினாஸ்டரைட், உடற்பயிற்சிக் கூடத்தில் கைமாறும் ஸ்டீராய்டு ஊசிகள் எல்லாம் மார்பை வீங்க வைக்கும். ஸ்டீராய்டு விஷயத்தை மருத்துவரிடம் மறைத்தால் அவர் தேவையில்லாத திசையில் தேடிக்கொண்டிருப்பார்.

"வேலையில இடிச்சுக்கிட்டேன், ரத்தக்கட்டு" என்பது அடுத்த சமாதானம். அடிபட்ட இடத்தில் கொழுப்பு இறந்து கட்டியாவது உண்டுதான். ஆனால் பலர் கட்டி தட்டுப்பட்ட பிறகுதான் அடிபட்ட நாளை நினைவில் தேடிப் பிடிக்கிறார்கள். மஞ்சள் பற்று, நல்லெண்ணெய் ஒத்தடம், கோடாரித் தைலம் எதுவும் கட்டியைக் கரைக்காது. தோல் சிவந்து, மருத்துவர் பார்க்க வேண்டிய அடையாளங்களைக் குழப்பிவிடும். புதிய கட்டி எதுவானாலும் இரண்டு வாரத்துக்குள் காட்டுங்கள். ரத்தக் கசிவோ தோல் குழியோ இருந்தால் அந்த வாரமே.

சிங்கப்பூரில் எங்கே, எப்படி

முதலில் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்), அல்லது ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் நீங்கள் பதிந்துள்ள குடும்ப மருத்துவர். அரசாங்க மருத்துவமனையில் சலுகைக் கட்டணத்தில் நிபுணரைப் பார்க்க வேண்டுமானால் பலதுறை மருந்தகத்திலிருந்தோ, சாஸ் என்ற அரசாங்க மருத்துவச் சலுகைத் திட்டத்தில் உள்ள தனியார் மருந்தகத்தில் சாஸ் அட்டையைக் காட்டியோ பரிந்துரைக் கடிதம் பெற வேண்டும். கடிதமில்லாமல் நேரே போனால் தனியார் நோயாளிக் கட்டணம்தான். பிறகு மாற்றிக்கொள்வதும் எளிதல்ல, எனவே இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

கடிதத்தில் 'மார்பகக் கட்டி' என்று இருக்கிறதா, மார்பக மருந்தகத்துக்கு அனுப்புகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். வெறுமனே பொது அறுவைப் பிரிவு என்று போனால் காத்திருப்பு நீளலாம். முன்பதிவுத் தேதி தொலைவில் கிடைத்தால் அழைத்து, "நான் ஆண், கடினமான கட்டி, முன்கூட்டியே இடம் கிடைக்குமா" என்று கேளுங்கள். தேசியப் புற்றுநோய் நிலையம், தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, டான் டோக் செங் மருத்துவமனை போன்ற இடங்களில் மார்பகப் பிரிவு உண்டு. காத்திருப்புக் கூடத்தில் நீங்கள் ஒருவர்தான் ஆணாக இருக்கக்கூடும். மனைவிக்குத் துணையாக வந்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள். படிவத்தில் கடைசி மாதவிடாய்த் தேதிகூடக் கேட்டிருக்கும். கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்கள் செலவுக்குப் பயந்து ஊருக்குப் போகும் வரை தள்ளிப் போடுகிறார்கள். ஊழியரின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. 2023 ஜூலை முதல் மருத்துவமனையில் தங்கும் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவை சிகிச்சைக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி காப்புறுதி எடுப்பது கட்டாயம். 15,000 வெள்ளி வரை காப்புறுதி நிறுவனம் முழுதாகவும், அதற்கு மேல் 75 விழுக்காட்டையும் ஏற்கும், மீதி 25 விழுக்காடு முதலாளியுடையது. தங்குவிடுதியில் இருப்பவர்கள் தங்கள் வட்டார மருத்துவ நிலையத்தில் தொடங்கலாம். தாளில் "நிப்பிள் லம்ப், 3 வாரம், வலி இல்லை" என்று எழுதிக் காட்டினாலே போதும்.

சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அறுவை சிகிச்சைக்கு மெடிசேவ், மெடிஷீல்ட் லைஃப் கைகொடுக்கும். புற்றுநோய் மருந்துகளில் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ளவற்றுக்கே மெடிஷீல்ட் லைஃப் பணம் தரும். மருந்து எழுதும்போதே பட்டியலில் உள்ளதா என்று கேளுங்கள்.

மூன்று பரிசோதனைகள்

கை, படம், ஊசி. மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று மட்டும் முரண்பட்டால் மறுபடி பார்க்க வேண்டும்.

25 வயதுக்கு மேற்பட்ட ஆணுக்கு முதலில் மேமோகிராம், தேவையானால் அல்ட்ராசவுண்ட். அதற்குக் கீழ் வயதில் முதலில் அல்ட்ராசவுண்ட். அன்று காலை அக்குளில் டியோடரன்ட்டோ பவுடரோ போடாதீர்கள். அதன் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிகள் மாதிரி தெரியும், புற்றின் ஆரம்பமும் சில நேரம் அப்படித்தான் தெரியும். ஜிப்பாவைவிடச் சட்டை வசதி, மேலாடையை மட்டும் கழற்றினால் போதும். ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு கோணம். தட்டுக்குள் பிடிக்கச் சதை குறைவு என்பதால் கதிரியக்கப் பணியாளர் நெஞ்சோடு சேர்த்து இழுத்து வைப்பார். சில வினாடிகள் இறுக்கும்.

அறிக்கையில் பைராட்ஸ் என்று ஓர் எண் இருக்கும். 1, 2 என்றால் பயமில்லை. 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு நூற்றில் இரண்டுக்கு மேல் இல்லை, வழக்கமாக ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள். 4, 5 என்றால் ஊசிப் பரிசோதனை. 0 என்றால் நோய் இல்லை என்று அர்த்தமல்ல, படம் போதவில்லை என்று அர்த்தம். இதைத் தவறாகப் படித்துச் சந்தோஷப்படுபவர்கள் உண்டு.

ஊசி குத்தினால் புற்று பரவும் என்ற பேச்சு நம்மிடையே இன்னும் ஓயவில்லை. அந்தப் பயத்தில் ஊசியைத் தவிர்ப்பதுதான் ஆபத்து. மரத்துப்போக ஊசி போட்டபின் தடித்த ஊசியால் பல துண்டுகள் எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஸ்டேப்ளர் அடிப்பதுபோல 'டக்' என்று சத்தம் வரும், திடுக்கிட்டு அசையாதீர்கள். ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை (வார்ஃபரின், குளோபிடோக்ரல், ஆஸ்பிரின்) எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். புற்று ஹார்மோனைப் பிடித்து வளர்வதா (ஹார்மோன் ஏற்பிகள்), அதை வேகமாக வளரவைக்கும் ஹெர்2 என்ற புரதம் கூடுதலா என்பதெல்லாம் அந்தத் துண்டிலிருந்துதான் தெரியவரும். ஆண்களின் மார்பகப் புற்றில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது ஈஸ்ட்ரோஜனுக்கு இணங்கி வளர்வது, எனவே மாத்திரைக்கும் கட்டுப்படும்.

உறுதியானால்

பெரும்பாலும் அந்தப் பக்க மார்பகத் திசுவைக் காம்போடு நீக்குவார்கள்; அக்குளின் முதல் நிணநீர்க் கணுவை எடுத்துச் சோதிப்பார்கள். தேவைக்கேற்பக் கதிர்வீச்சு, கீமோ. மார்புக்குள்ளேயே இருக்கும்போது பிடித்தால், அமெரிக்கத் தரவுகளின்படி, ஐந்தாண்டு கடந்து வாழ்பவர்கள் நூற்றில் ஏறக்குறைய 95 பேர். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பின் இது ஏறக்குறைய 20.

பிறகு ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் டமாக்ஸிஃபென் மாத்திரை, வழக்கமாக நாளுக்கு 20 மில்லிகிராம், குறைந்தது ஐந்தாண்டு. உடல் திடீரென்று சூடாவதும் தாம்பத்திய நாட்டம் குறைவதும் உண்டு, வெட்கப்பட்டுச் சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள் பலர். சொன்னால் சமாளிக்க வழி இருக்கிறது. காலில் ரத்தம் உறையும் அபாயமும் உண்டு. சென்னை விமானத்தில் நான்கு மணி நேரம் அப்படியே உட்காராமல் எழுந்து நடங்கள். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தால் அவசரப் பிரிவு.

மார்பகப் புற்று வந்த எந்த ஆணுக்கும் மரபணுப் பரிசோதனை பற்றிப் பேச வேண்டும்; வயது பார்க்கத் தேவையில்லை. காப்புறுதிக்கு இடையூறு வருமோ என்று தயங்குபவர்களுக்கு: மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளும்படி காப்புறுதி நிறுவனங்கள் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற ஏற்பாடு 2021 அக்டோபரிலிருந்து இங்கே இருக்கிறது. பெரிய தொகைக்கான பாலிசிகளுக்கு, ஏற்கனவே செய்த பரிசோதனையின் முடிவைக் கேட்கச் சில விதிவிலக்குகள் உண்டு, எனவே புதிய பாலிசி எடுக்கும் எண்ணம் இருந்தால் மரபணு ஆலோசகரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பிழை இருப்பது தெரிந்தால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது போயிருக்க ஐம்பது விழுக்காடு வாய்ப்பு. மகனைவிட மகளுக்குத்தான் இந்தச் செய்தி அவசரம். அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளுக்கு வாய்மொழியாகச் சொல்வதோடு நிற்காமல் அறிக்கையின் நகலையே அனுப்புங்கள். எந்த இடத்தில் எந்தப் பிழை என்ற குறியீடு அதில் இருக்கும். ஊரில் இருக்கும் உறவினர் அதைக் காட்டினால் அங்குள்ள ஆய்வகம் மரபணு முழுவதையும் தேடாமல் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிடும். செலவும் குறையும்.